தொப்பி சாய்க்கு, குல்லா அண்ணனுக்கு!

ஐ.பி.எல். பாதியை நெருங்கினால் போதும், எங்கள் பீளமேடு ஆபீஸில் ஃபைல் நகராது. ஆளுக்கொரு கற்பனை டீம். அதைவிட முக்கியம், ஆரஞ்சுத் தொப்பி ஜோசியம்!

2025-ல் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஆறு மேட்ச் முடிந்தபோது லக்னோவின் நிக்கோலஸ் பூரன் 349 ரன். குஜராத்தின் சாய் சுதர்சன் 329. 'பூரன்தானுங்க!' என்று அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒரு மாச டீ, பன்னைப் பணயம் வைத்தார். (பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட்டே தடைச்சட்டம் போட்டுவிட்டது. எங்களுக்கு எப்போதும் டீதான்!)

'ஏனுங்ண்ணா, 2023 டி.என்.பி.எல். ஏலத்துல நம்ம கோவை கிங்ஸ் 21.6 லட்சம் குடுத்து எடுத்த பையனுங்க சாய்' என்றான் டெஸ்பாட்ச் தம்பி.

'பாசம் வேற, பாயின்ட் வேற கண்ணு!'

கடைசியில் சாய் 759, பூரன் 524. பாசம் ஜெயித்தது என்று தம்பி குதிக்கிறான். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. சாய் ஓப்பனர். இருபது ஓவரும் அவர் கண்முன்னே கிடக்கும். பூரனுக்கு முன்னால் மார்ஷும் மார்க்ரமும் நின்று விளாசினால் அவருக்கு மிஞ்சுவது எத்தனை பந்து? தவிர, குஜராத் பிளே-ஆஃப் போனது, லக்னோ போகவில்லை. அந்தக் கூடுதல் மேட்ச்சில் மட்டும் சாய் 80! ஜோசியம் சொல்லுமுன் ரன்னை மட்டும் பார்க்காமல், இறங்கும் வரிசையையும் பாயின்ட்ஸ் டேபிளையும் அண்ணன் பார்த்திருக்கலாம்.

அவர் அசரவில்லை. ஊதாத் தொப்பிக்குச் சென்னையின் நூர் அகமதுவைச் சொல்லியிருந்தார். நூர் 24 விக்கெட், பிரசித் கிருஷ்ணா 25. ஒரே விக்கெட்டில் இன்னொரு மாச டீயும் காலி!

'அடுத்த சீசன் எப்பங்க?' என்கிறார் டீக்கடைக்காரர்.