காணிக்கையா, முதலீடா?

மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கவரில் வைத்து ஒட்டி, காணிக்கைப் பையில் போடுகிறார் ஒரு விசுவாசி. அந்த நொடியில் அவர் மனதில் ஓடுவது என்ன? நன்றியா? அல்லது 'இது பல மடங்காய்த் திரும்பி வரும்' என்ற கணக்கா? இரண்டாவதுதான் என்றால் அதற்குப் பெயர் காணிக்கை இல்லை, முதலீடு. பி.காம். முதலாண்டு மாணவன்கூட அதைச் சரியான தலைப்பில் எழுதிவிடுவான்!

இந்தக் கணக்கை இப்போது யாரும் ஒளித்துச் சொல்வதில்லை. 'விதை' என்று பெயர் வைத்து டிவியிலேயே கேட்கிறார்கள். ஆதாரம், மல்கியா 3:10. தசமபாகம் கொண்டு வந்தால் வானம் திறந்து ஆசீர்வாதம் கொட்டும் என்ற வாக்கு. சரி... அதற்கு ஐந்தே வசனம் முன்னால், 3:5-ல், கூலிக்காரனின் கூலியில் கை வைப்பவனையும் விதவையை ஒடுக்குபவனையும் கண்டித்திருக்கிறதே, அதை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? (அந்த வசனத்தில் வசூல் இல்லை போலும்.)

யோபு புத்தகம் தொடங்குவதே இந்தச் சந்தேகத்தில்தான். யோபு சும்மாவா பக்தியாக இருக்கிறான், எல்லாம் கிடைப்பதால்தானே என்று கேட்பவன் சாத்தான். கேட்டவன் யாராக இருந்தாலும் கேள்வி நியாயமானது. சொத்தும் பிள்ளைகளும் போன பிறகும் யோபு கடவுளை விடவில்லை, அதுதான் பதில். ஆனால் 'விதை' உபதேசம் சாத்தான் சொன்னதையே அல்லவா சரியென்கிறது? கொடு, கிடைக்கும். கிடைக்காவிட்டால்? உன் விசுவாசம் போதாது! பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம்கூட இதைச் சொல்லக் கூசாதவர்கள் இருக்கிறார்கள். யோபின் நண்பர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது யோபிடம் அல்ல, அவர்களிடம்.

கஷ்டத்தில் கடவுளிடம் கேட்பது தவறென்று யார் சொன்னது? பிள்ளை அப்பாவிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? கேட்பது வேறு, பேரம் வேறு.

ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரி குடும்பத்தில் பிறந்தும் அந்த வாழ்க்கை வேண்டாமென்று இருந்தவர். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவர் அப்பாவை மூவருமே மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். நூறு மடங்கு தருவதாக அந்த இரவில் அவரிடம் யாரும் ஆசை காட்டவில்லை.