மங்கம்மாள் சாலையில் நம் பங்கு

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கும் பெருஞ்சாலைக்கு இன்று தேசிய நெடுஞ்சாலை 44 என்று பெயர். ஸ்ரீநகரில் தொடங்கி 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் குமரி முனையில் முடிகிறது. வண்டியில் கொடி கட்டிக் காஷ்மீரிலிருந்து புறப்படும் பைக் பயணிகளுக்கு இதுதான் கடைசிக் கட்டம். மதுரை, சென்னை, பெங்களூரு இளைஞர்களுக்கோ நீண்ட வார இறுதி கிடைத்தால் ‘ஒரு ரைடு போவோமா’ என்று கேட்கவைக்கும் பாதை. தென்மாவட்டத்துப் பெரியவர்கள் வாயில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: மங்கம்மாள் சாலை.

1689 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள், சிறுவனாக இருந்த பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக மதுரையை ஆண்டவர் ராணி மங்கம்மாள். மதுரையையும் குமரியையும் இணைக்கும் சாலை, அதன் இருபுறமும் மரங்கள், இடையிடையே சத்திரங்கள் என்று அவர் செய்த பணிகளை இன்னும் பேசுகிறோம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. இன்றைய நான்கு வழிச்சாலை பழைய தடத்தை எல்லா இடத்திலும் அப்படியே பின்பற்றவில்லை. ஆனால் வழி அதே வழிதான்.

சாலையைப் போட்டவர் ராணி. அதைப் பேணியவர்கள் பலர். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் ஊர்க்காரர். தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கத் தோள் உயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டது, கர்ப்பத்தோடு இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பம். நிழலுக்கு ஒருவர், நீருக்கு ஒருவர், படுக்க இடத்துக்கு ஒருவர் என்று வழிப்போக்கனைப் பேணும் பொறுப்பை ஊர்கள் பங்கு போட்டுக்கொண்டன. இன்று சாலை அகலமாகிவிட்டது, வேகம் கூடிவிட்டது. அந்தப் பங்கு மட்டும் கலைந்துவிட்டது.

அதன் விலையைக் கணக்கு சொல்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் சுமார் 75 ஆயிரம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். தலைக்கவசம் அணியாததால் இறந்தவர்கள் மட்டும் 50 ஆயிரம். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 18 ஆயிரம் பேர்.

இந்தப் பேச்சு எழுந்ததும் ஆளுக்கொரு பக்கம் விரல் நீட்டுகிறோம். பைக்கில் பறக்கிற பையன்களால்தான் என்கிறது ஊர். எதிர்த்திசையில் வருகிற ஊர்க்காரர்களால்தான் என்கிறார்கள் பயணிகள். யாருக்கும் சாலை விதி தெரியவில்லை என்கிறது அரசு. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஒருவர் செய்யும் தவறுக்குப் பின்னால் இன்னொருவர் செய்யாமல் விட்ட வேலை ஒன்று நிற்பது தெரியும்.

மொபெட்டில் புல்லுக்கட்டோடு தவறான பக்கத்தில் வருபவருக்கு விதி தெரியாமலில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் வயலுக்கு முறைப்படி போக வேண்டுமானால், சாலை நடுத்தடுப்பில் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்பி வரவேண்டும். சர்வீஸ் ரோடும் பாதியில் நின்றுவிடுகிறது. உளுந்தையும் சோளத்தையும் தார்ச் சாலையில் காயப்போடும் விவசாயிக்கு ஊரில் உலர்களம் இல்லை, அல்லது போதவில்லை. பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் லாரியின் ஓட்டுநருக்குத் தூக்கம் வந்த இடத்தில் வண்டியை ஒதுக்கப் பாதுகாப்பான நிறுத்தம் இல்லை. ஞாயிறு நள்ளிரவில் கண் சொக்க வண்டி ஓட்டும் இளைஞனுக்குத் திங்கட்கிழமை காலை அலுவலகம் காத்திருக்கிறது. இவர்களில் ஒருவரை மட்டும் திருத்திவிட்டால் சாலை திருந்திவிடாது.

பயணிகளின் பங்கிலிருந்து தொடங்குவோம். தேசிய நெடுஞ்சாலையில் இரு சக்கர வாகனத்துக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. பணம் கட்டாமல் போகும் அந்தச் சலுகைக்கு ஒழுக்கத்தால் ஈடு செய்வதே அழகு. தலைக்கவசம் பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான் சட்டம். வார் மாட்டாத கவசம் தலையில் இருந்தும் இல்லாததுதான். நிறுவனம் பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டு வெடிச்சத்தம் போடும் குழாயை மாட்டுவதும் சட்டத்துக்குப் புறம்பானது. அது ஊர்க்காரர்களிடம் பயணிகளுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச நல்லெண்ணத்தையும் கெடுக்கிறது. 24 மணி நேரத்தில் 1,600 கிலோமீட்டர் என்பது போன்ற சவால்கள் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவற்றுக்குப் பயிற்சியும் ஓய்வும் வேண்டும், ரீல்ஸுக்காக எடுத்துக்கொள்ளும் வேலை அல்ல. காவல்கிணறு நெருங்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளும். ஆனி, ஆடி மாதங்களில் அதன் வேகம் புதிதாக வருபவர்களைத் திணறடிக்கும். இப்படிப்பட்ட இடங்களை முன்கூட்டியே சொல்வதும், முன்னால் ஒருவர் வழிநடத்தக் கடைசியில் அனுபவசாலி ஒருவர் வருவதும், பெருங்கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரிப்பதும் ரைடிங் கிளப்புகளின் கடமை. பொறுப்பான கிளப்புகள் இதைச் செய்கின்றன. அதுவே எல்லோருக்கும் வழக்கமாக வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு என்பதை வீடுகளும் நினைவில் வைக்கட்டும்.

ஊர்களின் பங்கும் சிறியதல்ல. விபத்து நடந்தால் ‘போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும்’ என்று ஒதுங்கிய காலம் போய்விட்டது. உதவுபவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதிசெய்தது. 2019-இல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பிரிவாகச் சேர்ந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எந்த மாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சாலையோரத்து டீக்கடைக்காரரும் பஞ்சர் கடைக்காரரும்தான் பெரும்பாலும் முதலில் ஓடி வருகிறார்கள். அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தந்து, ஆம்புலன்ஸுக்கான 108, நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்களைக் கடைச் சுவரில் எழுதிவைத்தால் அதுவே இந்தக் காலத்துத் தண்ணீர்ப் பந்தல்.

அரசும் நெடுஞ்சாலை ஆணையமும் தம் பங்கைத் தள்ளிப்போட முடியாது. சர்வீஸ் ரோடுகளை முழுமையாக இணைப்பது, ஊருக்குள் திரும்பும் இடங்களில் விளக்கு, லாரிகளுக்கு நிறுத்துமிடம், பஞ்சாயத்துகளில் உலர்களம், பெண்களும் தயங்காமல் நுழையக்கூடிய கழிப்பறை, காற்று அடிக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றில் எதுவும் ஆடம்பரம் இல்லை. சாலை விரிந்தபோது வெட்டப்பட்ட மரங்களுக்கு ஈடாக நட்டவை எத்தனை பிழைத்தன என்ற கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும். பிழைக்காத இடங்களில் கிளப்புகளும் பஞ்சாயத்துகளும் சேர்ந்து ஆளுக்குச் சில மரங்களைத் தத்தெடுக்கலாம்.

பைக் பயணத்தைத் தடைசெய்வது தீர்வல்ல. சாத்தூர்ச் சேவும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் விற்பவருக்கு அந்தப் பயணி வேண்டும். கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடத்தில் இறங்கி நிற்கும் இளைஞனுக்கு இந்தச் சாலை வேண்டும். தேவை ஒரு உடன்பாடு. ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுக்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய ஐந்து மாவட்டக் குழுக்களும், மழை ஓய்ந்து பயணக் காலம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து கூடட்டும். ரைடிங் கிளப்புகளையும் பஞ்சாயத்துத் தலைவர்களையும் லாரி ஓட்டுநர்களையும் சாலையோரக் கடைக்காரர்களையும் அழைக்கட்டும். அங்கே வருபவர்கள் அடுத்தவர் மீதான புகாரை மட்டும் கொண்டுவர வேண்டாம். அடுத்த ஆண்டுக்குள் தாம் முடிக்கப்போகும் வேலை ஒன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும்.