கயிறு அறுந்தால் போதுமா?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நாடு மறந்துவிடவில்லை. பள்ளித் தோழர்களே அரிவாளோடு வீடு புகுந்தனர். ஒடுக்கப்பட்ட சமுதாயத்து மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். ஏடு ஏந்த வேண்டிய கைகளில் அரிவாள்! என்னே கொடுமை!

ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வண்ணக் கயிறு கட்டக் கூடாது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது. மாணவர்கள் அகர வரிசையில் அமர வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. சீறினர் சிலர். நாம் வரவேற்கிறோம்.

ஆனால், ஒன்று கேட்கிறோம். கைக்கயிற்றை அறுத்துவிடலாம், கருத்தில் கட்டிய கயிற்றை அறுப்பது எப்படி? அருகருகே அமர்ந்துவிட்டால் அன்பு அரும்பிவிடுமா?

அமெரிக்கா கற்ற பாடத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1971இல் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். விளைவு? கைகலப்பு!

உளவியல் அறிஞர் எலியட் ஆரன்சன் அழைக்கப்பட்டார். அவர் உபதேசம் செய்யவில்லை. ஒரு விளையாட்டைத் தந்தார். துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் 'ஜிக்சா' விளையாட்டின் பெயரே அதற்கு. எலியனார் ரூஸ்வெல்டின் வாழ்க்கை வரலாறு துண்டு துண்டாக்கப்பட்டது. எல்லா நிறத்தவரும் கலந்த சிறு குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. தன் துண்டைப் படித்து மற்றவர்க்குச் சொல்ல வேண்டும். தேர்வோ முழு வரலாற்றிலும்!

ஆங்கிலம் தடுமாறிய சிறுவனைத் தோழர்கள் முதலில் எள்ளி நகைத்தனர். அவன் துண்டு கிடைக்காவிட்டால் தமக்கே மதிப்பெண் குறையும் என்று உணர்ந்ததும், பொறுமையாகக் கேள்வி கேட்டுக் கேட்டு அவனைப் பேச வைத்தனர். ஏளனம் ஒழிந்தது, அவன் அறிவுடையவன் என்பதும் தெரிந்தது. சில வாரங்களில் வெறுப்பு தணிந்தது. சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது.

"விளையாடினால் பாடம் என்னாவது?" என்பார் சிலர். பாடமே அல்லவா அங்கு விளையாட்டு! கோடிகள் தேவையில்லை, கத்தரிக்கோலும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதும்.

எச்சரிக்கை ஒன்று. ஆண்டுக்கொருமுறை விழா நடத்திப் படமெடுத்துக் கொள்வது இதுவாகாது. "நீ என்ன சாதி?" என்று பிள்ளையைக் கேட்கும் எந்த விளையாட்டும் வேண்டாம், அது புண்ணைக் கிளறும் வேலை. குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டும். வாரந்தோறும், வகுப்புதோறும் நடக்க வேண்டும்.

தடை தேவை, ஆனால், தடை வேலிதான், விளைச்சல் அல்ல. இவன் இல்லாமல் என் பாடம் நிறைவு பெறாது என்று பிள்ளை உணர வேண்டும். அந்நாளில்தான் அறுபடும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கயிறு!