தாயின் தட்டை எட்டிப் பார்க்காதீர்கள்

கைக்குழந்தைக்குப் பித்தநாளம் அடைபட்டால் கர்ப்பத்தில் தாய் தின்றதுதான் காரணம் என்று ஹைதராபாத் நண்பர் அடித்துச் சொல்கிறார். சாட்சி, ஆஸ்திரேலிய ஆடுகள். ஆம், 1964, 1988, 2007 வறட்சிகளில் பரிங்ஜக் அணையின் வற்றிய கரையில் முளைத்த களையைச் சினையாடுகள் மேய்ந்தன. குட்டிகள் அந்தக் கோளாறோடு பிறந்தன. 2015இல் அந்தக் களையிலிருந்த நஞ்சையும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஆனால் பட்டினி ஆடு களையையே வயிறு முட்டத் தின்றது; நம் கர்ப்பிணி பருப்பில் ஒரு பிடி பாலக் கீரை போடுகிறாள். மனிதரில் காரணம் இன்னும் நிரூபணமாகவில்லை.   தாயின் தட்டை விட்டுவிட்டு, குழந்தையிடம் இரண்டு வாரம் தாண்டிய மஞ்சள் காமாலை, சுண்ணாம்பாய் வெளுத்த மலம், இவற்றைப் பாருங்கள். இந்த அடைப்புக்கு ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வகுத்த அறுவை சிகிச்சை, பிறந்த 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருந்தே அந்த நாட்கள் போய்விடுகின்றன.