கார்பன் கணக்கில் குத்தகைதாரர் பெயர் எங்கே?

வயலுக்கும் இனி கார்பன் கணக்கு எழுதப் போகிறார்கள். விவசாயத்தில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வழிமுறைகளை மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. நெல் வயலிலிருந்து கிளம்பும் வாயுவைக் குறைத்தால், குறைத்த அளவுக்குப் பணம் கிடைக்கும் என்பதுதான் இதன் சாரம். இதில் நமக்கென்ன இருக்கிறது என்று சேரியில் உள்ளவர்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. சேற்றில் இறங்கி அந்த வாயுவைக் குறைக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் நாம்தான். ஆனால் பணம் போய்ச் சேரப் போவது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு.

இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலின் சேற்றுக்குள் காற்றுப் புகாது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் தாளையும் வேரையும் கொண்டு மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். யூரியா போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. அதன் சூடு 273 மடங்கு.

ஒவ்வொரு வயலிலும் கருவி வைத்து இவற்றை அளக்க முடியாது. அதனால் பண்ணைக் குறிப்புகளை வைத்தே கணக்கிடுகிறார்கள். எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் நடவு, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எத்தனை முறை வடித்தார்கள், எத்தனை மூட்டை யூரியா, வைக்கோலைச் சேற்றில் மடக்கி உழுதார்களா, மோட்டாருக்கு எவ்வளவு டீசல் என்பவைதான் அந்தக் குறிப்புகள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கிறது. இதுபோன்ற ஒவ்வோர் அளவையும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு வகுத்த எண்களால் பெருக்கினால் வாயுவின் அளவு வரும். பருவம் முழுவதும் தண்ணீர் நிற்கும் வயலைவிட, பலமுறை காயவிட்டுப் பாய்ச்சும் வயலில் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்கிறது அந்தக் கணக்கு. நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வது இதைத்தான். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே அரையடி இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும்.

குறிப்பு தவறானால் கணக்கும் தவறாகும். அந்தக் குறிப்பை யார் பெயரில் எழுதுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டு. புல எண் வாரியாக, பசலி ஆண்டு வாரியாக, எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டும். டெல்டாவில் எத்தனையோ வயல்களைப் பயிரிடுகிறவர் ஒருவர், ஏட்டில் இருப்பவர் வேறொருவர். வாய்மொழிக் குத்தகை, வாரம், ஒத்தி என்று பயிர் செய்யும் நம்மவர்களை ஊர் அறியும், ஏடு அறியாது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1955-இல், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பெயர் ஏறினால் அவரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று நிலக்காரர்கள் அஞ்சுகிறார்கள். எழுதித் தரச் சொன்னால் அடுத்த போகத்துக்கு வயல் இல்லை என்கிறார்கள். குத்தகைதாரரும் வாய்மூடிப் போகிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பயிரிடுவோர் சுமார் 42 லட்சம் பேர், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் அவர்கள் ஆறில் ஒரு பங்கு. நிலத்தை வைத்துப் பணம் பிரிக்கும் எந்தத் திட்டமும் இந்த வாசலிலேயே நம்மைத் தடுத்துவிடும். பிரதமரின் கிசான் உதவித்தொகை நிலம் உள்ள குடும்பத்துக்கு மட்டும்தான். இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் தரப்படுகிறது. அதற்கும் அடிப்படை நிலப்பதிவேடே. நாளைக்குக் கார்பன் பணமும் இதே வழியில்தான் வரும்.

ஆனால் பாடு நம் தலையில் விழும். தண்ணீர் நிற்கும் வயலில் களை அமுங்கிக் கிடக்கும். காயவிட்டால் களை முளைக்கும். அதைக் குனிந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். நேரடி விதைப்பு என்று மாறினால் நடவு வேலையே இல்லை. ஒரு பருவத்தின் நடவுக்கூலியை நம்பிப் பள்ளிக் கட்டணமும் கடைக்கடனும் கட்டும் வீடுகள் எத்தனை! வாயுவைக் குறைத்ததற்கு ஒருவருக்குப் பணம் வரும்போது, அதே மாற்றத்தால் இன்னொருவர் கூலி இழக்கிறார் என்பதை எந்தப் படிவம் கேட்கிறது?

இன்னொரு முரணும் இருக்கிறது. கார்பன் சந்தையில் பழைய நிலையிலிருந்து எவ்வளவு குறைத்தீர்கள் என்பதற்குத்தான் விலை. கடைமடையில் தண்ணீர் வராமல் வயல் காய்ந்து கிடந்தவருக்கும், காசில்லாமல் யூரியா குறைத்துப் போட்டவருக்கும் குறைத்துக் காட்ட மிச்சம் எதுவும் இல்லை. முன்பே குறைவாக மாசுபடுத்தியவருக்கு அதனாலேயே பரிசு இல்லை.

இதனால் வாயுவை அளப்பதே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புயலடித்தால் முதலில் கூரை பறப்பதும், வெள்ளம் வந்தால் முதலில் தண்ணீர் புகுவதும் தாழ்வான இடத்தில் இருக்கும் நம் தெருக்களில்தான். பூமி சூடாவதைத் தடுப்பதில் நமக்கு அக்கறை அதிகம். அளக்கட்டும். உழைப்பவரையும் சேர்த்து அளக்கட்டும். 1937-இல் பம்பாய் சட்டமன்றத்தில் கோத்தி முறையை ஒழிக்க அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். பயிரிடுபவருக்கும் அரசுக்கும் நடுவே ஒருவர் நின்றுகொண்டு பலனை எடுத்துக்கொள்ளும் முறை அது. கார்பன் கணக்கு வழியாக அது புதிய உருவில் வந்துவிடக் கூடாது.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. அடங்கலிலும் விவசாயிகள் பதிவேட்டிலும் உண்மையில் பயிரிடுபவரின் பெயர் ஏற வேண்டும். கார்பன் நிறுவனங்களின் ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வரும் பணத்தில் குத்தகைதாரருக்கும் கூலி உழைப்பாளருக்கும் பங்கு எவ்வளவு என்று அந்த ஒப்பந்தமே சொல்ல வேண்டும். நடவு வேலை குறையும் ஊர்களில் அந்த நாட்களுக்கு ஈடான வேலை தரப்பட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பினார்கள். அரசு அனுப்பித்தான் போக வேண்டும் என்பதில்லை. கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் தங்கள் தெருவில் ஒரு நோட்டுப் போடுங்கள். அப்பா எந்தப் புல எண்ணில் பயிரிடுகிறார், யாருக்கு எவ்வளவு குத்தகை அளந்தார், எந்தத் தேதியில் தண்ணீர் கட்டினார், எத்தனை மூட்டை உரம் போட்டார், அம்மா எத்தனை நாள் களை எடுத்தார், கூலி என்ன என்று எழுதுங்கள். உரக்கடை ரசீதையும் குத்தகை நெல் அளந்த ரசீதையும் ஒட்டி வையுங்கள். ஆதார் காட்டி உரம் வாங்கியவர் ஒருவர், அடங்கலில் இருப்பவர் வேறொருவர் என்றால், அந்த ரசீதே கேள்வி கேட்கும்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போவோம். நம் தெருவில் பயிரிடுகிற ஒவ்வொருவர் பெயரையும் அடங்கலில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் கேட்போம்.