ஓட்டு வந்தது, சாக்கடை போகவில்லை!

அமெரிக்கா பணக்கார நாடு. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாடு. அந்த நாட்டில், வீட்டுக் கழிவு போக வழியில்லாமல் கொல்லைப்புறத்தில் தேங்கி நிற்கும் ஊர்கள் உண்டு என்றால் நம்ப முடிகிறதா?

நம்பித்தான் ஆகவேண்டும்.

அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்று ஒரு மாவட்டம். அங்கே பெரும்பாலோர் கறுப்பர்கள். பல வீடுகளில் கழிப்பறையில் இருந்து ஒரு குழாய் புறப்படும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போகும். அதோடு சரி! கழிவு முழுவதும் அங்கேயே கொட்டும். மழை பெய்தால் முற்றத்துக்கு வரும். குழந்தைகள் விளையாடும் இடமும் அதுதான்.

இதே மாவட்டம் ஓட்டுரிமைக்காக ரத்தம் சிந்திய மாவட்டம். "ரத்த லவுண்ட்ஸ்" என்றே அதற்குப் பட்டப்பெயர்.

"ரத்தம் சிந்தி ஓட்டு வாங்கி என்ன பயன்? சாக்கடைகூடப் போகவில்லையே!" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், ஓட்டினால் பயன் இல்லை என்பது அதற்குப் பதில் அல்ல. அந்த மக்களின் கதையே பதில் சொல்கிறது.

ஒரு பெயர்கூட இல்லை

1965-ம் ஆண்டின் தொடக்கம். லவுண்ட்ஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 15 ஆயிரம். ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பரின் பெயர்கூட இல்லை!

நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்று 1870-லேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். எழுதி என்ன? பெயர் பதியப் போனால் பரீட்சை வைப்பார்கள். "தேறவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். துணிந்து போனவனுக்கு வேலை போகும். குடியிருக்கும் குடிசை போகும். சமயத்தில் உயிரும் போகும்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் சுமார் 40 பேர் துணிந்து கோர்ட்டு வாசலுக்குப் போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆனாலும் விடவில்லை. அந்த மாதத்திலேயே இரண்டு பேருடைய பெயர் பட்டியலில் ஏறியது. ஒருவர் ஜான் ஹியூலெட். மற்றவர் கண்பார்வை இல்லாத ஒரு பாதிரியார்.

அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மா நகரில் இருந்து தலைநகரான மாண்ட்கமரிக்குப் பெரிய ஊர்வலம் புறப்பட்டது. தூரம் 54 மைல். வழி லவுண்ட்ஸ் மாவட்டத்தின் ஊடேதான். ஊர்வலம் முடிந்த அன்று இரவு, மார்ச் 25-ந்தேதி, அதில் கலந்துகொண்டவர்களைக் காரில் ஏற்றிச் சென்று உதவிய வயோலா லியுசோ என்ற வெள்ளைக்காரப் பெண்ணை நிறவெறிக் கும்பல் சுட்டுக்கொன்றது. அவர் ஐந்து குழந்தைகளின் தாய்!

ஆகஸ்டு 6-ந்தேதி ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தானது. இரண்டே வாரத்தில், ஆகஸ்டு 20-ந்தேதி, இன்னொரு உயிர் போனது. ஜோனத்தன் டேனியல்ஸ் என்ற பாதிரி மாணவர், ஒரு கறுப்பினச் சிறுமியைக் காக்கக் குறுக்கே பாய்ந்து குண்டுக்குப் பலியானார். அவரும் வெள்ளைக்காரர். சுட்டவனை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது.

கூடாரத்தில் குடித்தனம்

சட்டம் வந்தால் போதுமா? பெயர் பதிந்த குடியானவர்களை நிலச்சொந்தக்காரர்கள் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். அவர்கள் வாரத்துக்குப் பயிரிடுகிறவர்கள். நிலம் போனால் வீடும் போயிற்று.

அவர்கள் ஓடிப்போகவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்தார்கள். இரவில் துப்பாக்கிக் குண்டுகள் பறந்து வந்தன. அப்படியும் அங்கேயே அடுப்பு மூட்டினார்கள்; பிள்ளைகளை வளர்த்தார்கள்.

மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலிய இளைஞர்கள் உதவிக்கு வந்தார்கள். உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். மக்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் படக்கதைப் புத்தகங்கள் போட்டார்கள். "ஷெரீப் என்றால் மாவட்டப் போலீஸ் தலைவர், அவருடைய வேலை இது. வரி விதிக்கும் அதிகாரியின் வேலை இது" என்று படத்தாலேயே விளக்கினார்கள்.

சொந்தமாக ஒரு கட்சியும் தொடங்கினார்கள். சின்னம் வேண்டுமே! ஆதிக்கக்காரர்களின் கட்சிக்கு வெள்ளைச் சேவல் சின்னம். "வெள்ளையர் ஆதிக்கம்" என்ற வாசகமும் நெடுங்காலம் அதோடு இருந்தது. இவர்கள் கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1966 நவம்பரில் தேர்தல். ஏழு வேட்பாளர்கள் நின்றார்கள். ஏழு பேரும் தோற்றார்கள்! மறுபடி கதவைத் தட்டினார்கள். 1970-ல் ஜான் ஹியூலெட் ஷெரீப் ஆனார். எந்தப் பதவியைக் கண்டு கறுப்பர்கள் நடுங்கினார்களோ, அந்தப் பதவியில் ஒரு கறுப்பர் உட்கார்ந்தார்.

ஓட்டு இதைச் செய்தது. இது சின்னக் காரியமா?

மண் குடிக்காத தண்ணீர்

அப்படியானால் சாக்கடை ஏன் போகவில்லை?

லவுண்ட்ஸ் மண் கரிய களிமண். பருத்திக்கு ஏற்ற மண். அந்தப் பருத்திக்காகத்தான் அடிமைகளை அங்கே கொண்டுவந்து குவித்தார்கள். ஆனால் அந்த மண் தண்ணீரைக் குடிக்காது. சாதாரண செப்டிக் டேங்க் வைத்தால், மழைக்காலத்தில் கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். அதற்கு ஏற்ற டேங்க் வைக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். கூலி வேலை செய்கிறவன் எங்கே போவான்?

வீடுகள் தூரதூரமாக இருப்பதால் பொதுச் சாக்கடையும் பல இடங்களுக்கு வரவில்லை. மாவட்டத்தின் கஜானா சிறியது. பணம் மாநிலத் தலைநகரிலும் வாஷிங்டனிலும் இருக்கிறது. கிடைத்தது பணம் அல்ல, வழக்கு! கழிவை வெளியே விடுவது குற்றம் என்று ஏழைகள் மீது குற்றம் சாட்டினார்கள். சிலரைக் கைதுகூடச் செய்தார்கள்.

ஓட்டுப் போட்டு ஷெரீபைத் தேர்ந்தெடுத்துவிடலாம். தலைநகரத்துப் பணப்பெட்டியைத் திறக்க அது மட்டும் போதவில்லை.

மறுபடியும் வீடு வீடாக

கேதரின் கோல்மன் பிளவர்ஸ் என்ற பெண்மணி லவுண்ட்ஸில் வளர்ந்தவர். உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்ட பெற்றோரின் மகள். ஆசிரியையாக இருந்தவர். இவர் 2000-க்குப் பிறகு இந்தக் கழிவுப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். செய்த வேலை என்ன? பழைய வேலைதான். வீடு வீடாகக் கதவைத் தட்டுவது! எந்த வீட்டில் குழாய் எங்கே கொட்டுகிறது என்று இவரும் ஊழியர்களும் கணக்கெடுத்தார்கள். 1965-ல் பெயர்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். இப்போது துயரத்தையே பட்டியல் போட்டார்கள்.

டாக்டர்களும் வந்தார்கள். 55 பேரைச் சோதித்ததில் மூன்றில் ஒருவருக்கு மேல் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. அந்த ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. கொக்கிப்புழு அசுத்த மண்ணில் இருந்து வெறுங்கால் வழியே உடம்புக்குள் ஏறி, ரத்தத்தை உறிஞ்சும். அமெரிக்காவில் ஒழிந்துவிட்டது என்று நினைத்த நோய் அது! அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் வறுமை ஆய்வாளர் பிலிப் ஆல்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார்.

2021 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை விசாரணை தொடங்கியது. 2023 மே மாதம் மாநிலச் சுகாதாரத் துறையோடு உடன்பாடு ஏற்பட்டது. ஏழைகள் மீது வழக்குப் போடுவதை நிறுத்த வேண்டும், வீடுகளின் நிலையைக் கணக்கெடுத்துத் திட்டம் போடவேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் 2025 ஏப்ரலில், ஆட்சி மாறிய பிறகு, அதே நீதித்துறை உடன்பாட்டை ரத்துசெய்துவிட்டது. இனத்தைப் பார்த்துச் செய்யும் காரியம் என்று காரணம் காட்டியது. கையில் உள்ள பணம் தீரும்வரை வேலை நடக்கும் என்று மாநிலத் துறை கூறியது.

இது என்ன நியாயம்? கொக்கிப்புழு நிறம் பார்த்துக் கடிப்பதில்லை. கழிவு போக வழி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. ஏழை வெள்ளைக்காரன் வீட்டிலும் டேங்க் நிரம்பினால் அதே நாற்றம்தான்.

ஒன்று மட்டும் தெளிவு. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து கொடுத்ததை இன்னொரு கையெழுத்து பறித்துவிடும். மக்கள் எடுத்த கணக்கையும் அவர்கள் கட்டிய கூட்டத்தையும் எந்தக் கையெழுத்தும் பறிக்க முடியாது. ஓட்டு வேண்டும். ஓட்டுப் போட்ட மறுநாளும் கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

1965-ல் லவுண்ட்ஸ் வழியே மாண்ட்கமரிக்கு நடந்தார்கள். சாக்கடைக்குப் பதில் சொல்லவேண்டிய சுகாதாரத் துறையும் அதே மாண்ட்கமரியில்தான் இருக்கிறது. 54 மைல் நடை இன்னும் முடியவில்லை.