ஏற்றத்துக்கு மேல் ஏற்றம்

போக்கர் சீட்டாட்டம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும்போது ‘ரீ-ரெய்ஸ்’ என்ற சொல்லில் கை நின்றுவிட்டது. எதிராளி பந்தயத்தை ஏற்றியதும் அதற்கும் மேலே ஏற்றுவதுதான் அது. ‘மறு ஏற்றம்’ என்றால் வாசகருக்குச் சரக்கு லாரிதான் நினைவுக்கு வரும்.

ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் மூன்று பொதுச் சீட்டுகளை விரிப்பதற்கு (இதுதான் ஃபிளாப்) முன்பே ஒருவர் 300 ரூபாய் என்கிறார். அடுத்தவர் 900 என்கிறார். முதலாமவர் பயந்து சீட்டைக் கவிழ்த்தால் பணம் அடுத்தவருக்கு. அவர் கையில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

வெறும் உதாரா? இல்லை. ஏஸ் ஜோடி சராசரியாக 221 முறைக்கு ஒரு முறைதான் வரும். நான்கு ஏஸ்களில் ஜோடி சேர ஆறு வழிகள். ஒரு ஏஸ் உங்கள் கையில் இருந்தால் எதிராளிக்கு மிஞ்சுவது மூன்றே வழிகள். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர் ஏஸும் ஐந்தும் வைத்துக்கொண்டே சில சமயம் துணிந்து ஏற்றுகிறார்.

அப்படியானால் இது திறமையா, சூதாட்டமா? இந்தக் கேள்வியின் வேர் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1963-ல் செகந்திராபாத் கிரசென்ட் கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதும் திறமை. மூன்று சீட்டு போல் முழு அதிர்ஷ்டமல்ல என்று 1967-ல் தீர்ப்பானது. ரம்மிக்காரர்களோடு போக்கர்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டுமே திறமை ஆட்டங்கள் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை போட்டது.

1967 தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. பந்தய ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்கிறது அது. திறமையை வாதிடுபவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவாகப் புரட்டுவதில்லை. போக்கரில் யார் ஜெயித்தாலும் மேஜை நடத்துபவருக்கு ஒரு பங்கு போகிறது. 900 சொன்னவருக்கு இது திறமை ஆட்டம்தான். மூன்று வழிக் கணக்கு தெரியாமல், மாதச் சம்பளத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது சூதாட்டம். ஒரே மேஜை, ஒரே சீட்டுக்கட்டு.

‘ரீ-ரெய்ஸ்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். அதை எதிர்கொள்பவரின் நிலைமைக்குத் தமிழில் சொல் தேட வேண்டியிருக்கவில்லை: ஏமாளி.